விதை மரபணுவின் உரிமைக் கட்டணம் எந்த இடத்தில் முடிய வேண்டும்?

திருகோணமலை மாவட்டத்தின் கமக்காரர் அமைப்புகளுக்கும் விதைநெல் உற்பத்தியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மரபணு மாற்றப்பட்ட பயிரின் விதையை விற்கும் நிறுவனம் இரண்டுக்கு விலை கேட்கிறது. ஒன்று விதை. மற்றையது, அந்த விதைக்குள் சேர்க்கப்பட்ட மரபணுவைப் பயன்படுத்தும் உரிமை. இரண்டாவதற்கான பணமே ரோயல்டி எனப்படும் உரிமைக் கட்டணம். ஆய்வுகூடத்தில் பல ஆண்டுகள் உழைத்து, பாதுகாப்புப் பரிசோதனைகளைக் கடந்து சந்தைக்கு வரும் கண்டுபிடிப்புக்குக் கட்டணம் கேட்பது நியாயமானது. அதை யாரிடம், எத்தனை தடவை, எவ்வளவு காலம் கேட்கலாம் என்பதைச் சட்டம்தான் தீர்மானிக்க வேண்டும். இலங்கையில் மரபணு மாற்றப்பட்ட எந்தப் பயிரும் வணிக ரீதியில் செய்கை பண்ணப்படுவதில்லை. தாவர இனங்களின் மீதான உரிமைகளை வரையறுக்கும் சட்டமும் நிறைவேற்றப்படவில்லை. ஆகவே விடை இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. அது எழுதப்படும் நாளில் விதைநெல்லைத் தாமே எடுத்துவைக்கும் கமக்காரரின் குரல் அதில் இருக்க வேண்டும்.

உழவு இயந்திரத்தைக் கண்டுபிடித்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. விற்ற இயந்திரம் வாங்கியவரின் வளவில் இன்னோர் இயந்திரத்தை ஈனுவதில்லை. விதை ஈனும். ஒரு தடவை விற்ற விதை அடுத்த போகத்தில் பல மடங்காகப் பெருகும். அந்தப் பெருக்கம் முழுவதிலும் கண்டுபிடிப்பு அப்படியே இருக்கும். ஆகவே கட்டணத்தைப் பாதுகாக்க நிறுவனங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது உயிரியல் வழி. கலப்பின விதையின் இரண்டாம் தலைமுறை குணம் சிதறி முளைப்பதால் விவசாயி ஒவ்வொரு போகத்துக்கும் புதிய விதை வாங்குகிறார். கலப்பினச் சோளம் செய்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். இரண்டாவது சட்ட வழி: பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமை, தாவர இன உரிமை, விதைப் பொதியோடு வரும் ஒப்பந்தம்.

நெல்லுக்கு முதல் வழி பெரிதும் பயன்படாது. நெற்பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்கிறது. அயல் மகரந்தச் சேர்க்கை பொதுவாக 1 வீதத்துக்கும் குறைவு. கலப்பற்ற வயலில் இருந்து எடுத்துவைத்த நெல் அடுத்த போகத்திலும் அதே இனமாகவே முளைக்கும். ஆகவே நெல்லில் உரிமைக் கட்டணத்தைக் காக்க விரும்பும் எவரும் சட்டத்தையே நாட வேண்டும்; அந்தச் சட்டம் நேராகக் கை வைப்பது கமக்காரரின் விதைநெல்லில்தான். கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல் வயல்களை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது முக்கியமாவது இதனால்தான்.

இந்தச் சட்டங்களின் சர்வதேச அடித்தளம் உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் உடன்படிக்கை. அது 1995 தை மாதம் நடைமுறைக்கு வந்தது. இலங்கை தொடக்க உறுப்பு நாடு. அதன் 27ஆம் உறுப்புரை, தாவரங்களுக்கு ஆக்கவுரிமை வழங்காதிருக்க நாடுகளை அனுமதிக்கிறது. ஆனால் தாவர இனங்களுக்கு ஆக்கவுரிமையாலோ, நாடு தனக்கென வகுக்கும் பயனுள்ள முறையொன்றாலோ, இரண்டும் சேர்ந்தோ பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்கிறது. தனக்கென முறை வகுத்தல் என்ற இந்த இடைவெளியைப் பல நாடுகள் பயன்படுத்தவில்லை. யூபொவ் எனப்படும் தாவர இனப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு உடன்படிக்கையை அப்படியே ஏற்றன. அந்த உடன்படிக்கையின் கீழ், பாதுகாக்கப்பட்ட இனத்தின் விளைச்சலில் விதை எடுத்துத் தன் நிலத்தில் விதைக்க விவசாயிக்கு இடம் கொடுப்பதும் கொடுக்காததும் நாட்டின் விருப்பம். அயலவருக்கு விதை மாற்றவோ விற்கவோ இடமே இல்லை. இலங்கை யூபொவ்வில் உறுப்பினராகவில்லை.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும், அடிப்படையில் உயிரியல் சார்ந்த உற்பத்தி முறைகளுக்கும் ஆக்கவுரிமை மறுக்கிறது. அதே பிரிவு மரபணு மாற்றப்பட்ட நுண்ணுயிர்களையும், உயிரியல் சாராத செயன்முறைகளையும், நுண்ணுயிரியல் செயன்முறைகளையும் அந்த மறுப்பிலிருந்து விலக்குகிறது. ஆக்கவுரிமையின் ஆயுள் விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகள். ஒரு மரபணுவைப் பயிருக்குள் செலுத்தும் ஆய்வுகூடச் செயன்முறைக்கு ஆக்கவுரிமை பெற்றவர், அந்தச் செயன்முறையின் நேரடி விளைபொருள் என்று விதையையும் கோரலாமா? ட்ரிப்ஸ் உடன்படிக்கையின் 28ஆம் உறுப்புரை, செயன்முறைக்கான உரிமை அதன் நேரடி விளைபொருளையும் தழுவும் என்கிறது. தாவரத்துக்கு மறுத்த உரிமை செயன்முறையின் பெயரில் வந்து சேரக்கூடிய இந்த வழியை இலங்கைச் சட்டம் தெளிவாக அடைக்கவில்லை.

தெளிவின்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்தியாவின் பருத்தி காட்டுகிறது. பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, காய்ப்புழுவைத் தாங்கும் பருத்தியை அமெரிக்காவின் மொன்சான்டோ நிறுவனம் உருவாக்கியது. 2002 மார்ச்சில் இந்திய அரசு அதற்கு அனுமதி அளித்தது. மகிகோ நிறுவனத்துடன் அமைத்த கூட்டு நிறுவனத்தின் ஊடாக, மரபணு இந்திய விதை நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. விற்கப்படும் ஒவ்வொரு 450 கிராம் பொதிக்கும் கட்டணம் அறவிடப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் ஒரு பொதி 1,600 இந்திய ரூபாவைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ 1,250 ரூபா உரிமைக் கட்டணம். அந்த முதல் தலைமுறை மரபணுவுக்கு இந்தியாவில் ஆக்கவுரிமையே இருக்கவில்லை. அரச அனுமதி ஒரு நிறுவனத்தின் கையில் மட்டும் இருந்ததும், உரிம ஒப்பந்தமும் அந்தக் கட்டணத்தைப் பெற்றுத்தரப் போதுமாயிருந்தன. 2006இல் ஆந்திரப் பிரதேச அரசு ஏகபோக வணிகத் தடை ஆணைக்குழுவிடம் முறையிட்ட பின்னரே, பொதியின் விலை 750 ரூபாவுக்கு இறங்கியது.

அதே 2006இல் இரண்டு மரபணுக்களைக் கொண்ட போல்கார்ட் 2 வந்தது. அதற்கு 1999இல் விண்ணப்பித்து 2008இல் பெற்ற 214436ஆம் இலக்க இந்திய ஆக்கவுரிமை இருந்தது. மாநில அரசுகள் விலையைக் கட்டுப்படுத்தியபோது, ஒப்பந்தத்தில் எழுதிய கட்டணத்தைக் கொடுக்க முடியாது என்றன விதை நிறுவனங்கள். ஹைதராபாத்தின் நுசிவீடு சீட்ஸ் நிறுவனத்தின் உரிமத்தை மொன்சான்டோவின் கூட்டு நிறுவனம் 2015 நவம்பரில் இரத்துச் செய்தது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2017இல் தனி நீதிபதி உரிமத்தை மீட்டளித்தார். 2018 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, விதைக்கும் தாவரத்துக்கும் அவற்றின் பாகங்களுக்கும் ஆக்கவுரிமை மறுக்கும் இந்தியச் சட்டத்தின் 3(ஜே) பிரிவின்படி அந்த ஆக்கவுரிமையே செல்லாது என்றது. 2019 ஜனவரி 8இல் உச்ச நீதிமன்றம், சாட்சியங்களை முழுமையாக ஆராயாமல் அப்படி முடிவு செய்யலாகாது என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2021இல், மொன்சான்டோவை ஏற்கெனவே வாங்கியிருந்த பேயர் நிறுவனமும் நுசிவீடும் சமரசமாயின. தாவரத்துக்குள் இருக்கும் மரபணு தாவரத்தின் பாகமா, தனிப் பொருளா என்ற கேள்விக்கு இறுதி விடை வரவேயில்லை.

நீதிமன்றங்களில் வாதம் நடந்துகொண்டிருந்தபோது இந்திய மத்திய அரசு விலையைக் கையில் எடுத்தது. 2015 டிசம்பரில் பிறப்பித்த பருத்தி விதை விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ், 2016இல் உரிமைக் கட்டணம் 163 ரூபாவிலிருந்து 49 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. பின்னர் 39, 20 என்று இறங்கி, 2020இல் முற்றாக நீக்கப்பட்டது. ஆக்கவுரிமை 2019இல் காலாவதியாகியிருந்தது. அதற்கு முன்பே இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டிருந்தது. குஜராத்தில் முதல் தலைமுறை மரபணு அந்தப் புழுவிடம் தோற்றதை 2010இல் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. இரண்டு மரபணுப் பருத்தியும் சில ஆண்டுகளில் அதே கதிக்கு வந்தது. பயன் குறையும்போது கட்டணமும் குறைய வேண்டும் என்ற கொள்கை பருத்தி விவசாயிகளின் இழப்பிலிருந்தே பிறந்தது.

இந்தியப் பருத்தி கலப்பினமாகவே விற்கப்பட்டது. எனவே விவசாயி எப்படியும் ஆண்டுதோறும் விதை வாங்கினார். கட்டணப் போர் நிறுவனங்களுக்கு இடையில் நடந்தது. நெல்லில் அந்தத் தடுப்புச் சுவர் இல்லை. சுய மகரந்தச் சேர்க்கைப் பயிரில் போர் யாரோடு நடக்கும் என்பதை அமெரிக்கச் சோயா காட்டியது. இந்தியானா மாநிலத்தின் விவசாயி வேர்னன் போமன், தானியக் களஞ்சியத்தில் சாதாரணமாக விற்ற சோயா அவரையை வாங்கி விதைத்து, கிளைபோசேட் களைகொல்லியைத் தெளித்து, அதைத் தாங்கும் மொன்சான்டோ மரபணுவால் தப்பியவற்றின் விதையைப் பல போகங்கள் எடுத்துவைத்தார். முதல் விற்பனையோடு ஆக்கவுரிமை தீர்ந்துவிடுகிறது என்பது அவர் வாதம். 2013 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை நிராகரித்தது: விதைத்துப் பெருக்குவது புதிய பிரதி செய்வதாகும் என்றது. அவர் செலுத்த வேண்டியிருந்த நட்டஈடு 84,456 டொலர். கனடாவில் பேர்சி ஷ்மைசர் என்ற கனோலா விவசாயியின் வழக்கில், 2004இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பிரிவில் மொன்சான்டோவின் உரிமையை உறுதிசெய்தது. அவர் அந்த மரபணுவால் மேலதிக இலாபம் எதையும் பெறவில்லை என்பதால் பணம் செலுத்தப் பணிக்கவில்லை.

பிரேசிலின் அனுபவம் இலங்கைக்கு இன்னும் நெருக்கமானது. அந்நாட்டின் தாவர இனச் சட்டம் விதையை எடுத்துவைக்கும் உரிமையை விவசாயிக்கு அளித்திருந்தது. மொன்சான்டோ அறுவடைக்குப் பின்னர், சோயா களஞ்சியத்துக்கு வரும் இடத்தில் வைத்துப் பெறுமதியில் 2 வீதம் அறவிட்டது. ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தின் விவசாயச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2019 ஒக்டோபரில் பிரேசிலின் உயர் நீதிமன்றம், தாவர இனச் சட்டம் தந்த சலுகை ஆக்கவுரிமைச் சட்டத்துக்கு எதிராகச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரு சட்டம் கொடுத்த உரிமையை இன்னொரு சட்டம் வெறும் எழுத்தாக்கிவிட முடியும் என்பதே இதன் பொருள். விவசாயியின் விதை உரிமை இரண்டு சட்டங்களிலும் எழுதப்படாதவரை அது உறுதியான உரிமையாகாது.

கட்டண வசூல் துறைமுகம் வரை வந்ததும் உண்டு. ஆர்ஜென்டீனாவில் மொன்சான்டோவின் சோயா மரபணுவுக்கு ஆக்கவுரிமை கிடைக்கவில்லை, ஐரோப்பாவில் இருந்தது. அதனால் ஆர்ஜென்டீனாவில் விளைந்து, அரைக்கப்பட்டு, 2005, 2006ஆம் ஆண்டுகளில் அம்ஸ்டர்டாம் துறைமுகத்துக்கு வந்த சோயாப் பிண்ணாக்கின் மீது உரிமை கோரி, செஃபெட்ரா என்ற இறக்குமதி நிறுவனத்துக்கு எதிராக அது வழக்குத் தொடுத்தது. 2010 ஜூலை 6இல் ஐரோப்பிய நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தது. மரபணு தன் வேலையைச் செய்வது உயிருள்ள செடியில். பிண்ணாக்கில் எஞ்சிக் கிடக்கும் மரபணுத் துணுக்கு எந்த வேலையும் செய்வதில்லை. ஆகவே உரிமையும் அங்கே நீள்வதில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

திருகோணமலை தானியக் கப்பல்கள் வரும் துறைமுகம். கடல் கடந்து வரும் கோதுமை, 1980களிலிருந்து துறைமுகக் கரையில் இயங்கும் பிரிமா ஆலையில் மாவாகி நாடெங்கும் பாணாகிறது. சூரியகாந்தி மரபணு சேர்த்த, வறட்சி தாங்கும் எச்.பி.4 கோதுமைக்கு ஆர்ஜென்டீனா 2020இல் அனுமதி அளித்தது. 2024இல் அமெரிக்க விவசாயத் திணைக்களமும் செய்கைக்கு வழிவிட்டது. கோதுமையும் நெல்லைப் போலத் தன் மகரந்தத்தாலேயே விளையும் பயிர். இத்தகைய தானியம் எதிர்காலத்தில் ஏதாவது ஒரு கப்பலில் வந்தால், உணவுப் பாதுகாப்பு அனுமதியை 2006ஆம் ஆண்டு உணவு ஒழுங்குவிதிகள் கவனிக்கும். விளைவித்த நாட்டில் வசூலிக்காத கட்டணத்தை இறக்குமதித் துறைமுகத்தில் கேட்கலாமா என்பதை எந்த இலங்கை விதியும் தெளிவாகச் சொல்லவில்லை.

நெல்லுக்குத் திரும்பினால், கிழக்கின் வயல்களில் பரவியுள்ள புதிய இனங்கள் பெரும்பாலும் பொதுப் பணத்தில் உருவானவை. பத்தலகொட நெல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவனத்தின் பி.ஜி. 352, பி.ஜி. 358, அம்பலாந்தோட்டையின் ஏ.ரி. 362 போன்றவற்றுக்கு எந்த நிறுவனத்துக்கும் உரிமைக் கட்டணம் இல்லை. ஏக்கருக்கு இரண்டு புசல் என்ற கணக்கில் விதைநெல்லை அறுவடையிலிருந்தே எடுத்துவைக்கலாம். உறவினரிடமோ அயல் வயற்காரரிடமோ மாற்றிக்கொள்ளலாம். விவசாயத் திணைக்களத்தின் சான்றுபடுத்தப்பட்ட விதையை இடைக்கிடை வாங்கி இனத்தைப் புதுப்பித்துக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரம் இயற்கையாக அமைந்ததன்று. அரச ஆய்வாளர்கள் தலைமுறைகளாகச் செய்த வேலையின் பலன் எவருக்கும் ஏகபோகமாகக் கொடுக்கப்படாததால் அமைந்தது.

அந்த ஆய்வின் மூலப்பொருளோ கமக்காரர்கள் காத்த பழைய நெல்லினங்கள். 1950களில் வந்து இலங்கையின் நெல் உற்பத்தியை உயர்த்திய எச்-4 இனத்தின் பெற்றோரில் ஒன்று முருங்கைக்காயன் 302. அறக்கொட்டி எனப்படும் கபிலநிறத் தத்தியை எதிர்க்கும் பி.பி.எச்.3 மரபணு, இலங்கையின் ரத்து ஹீனட்டி நெல்லில் கண்டறியப்பட்டது. 2015இல் சீன ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பை வெளியிட்டனர். நாளை அத்தகைய மரபணுவைக் கொண்ட விதை உரிமைக் கட்டணத்தோடு இங்கே வருமானால், அதை முதலில் காத்துக் கொடுத்தவர்களே கட்டணம் செலுத்தும் நிலை உருவாகும். இது அநீதி. கண்டுபிடிப்பாளருக்குக் கொடுக்கும் பங்கு எவ்வளவு நியாயமோ, மூலவளம் காத்தவருக்குக் கொடுக்கும் பங்கும் அவ்வளவே நியாயமானது.

கட்டணத்துக்கு வரம்பு கட்டுவது ஆய்வை அழித்துவிடும் என்ற வாதத்துக்குத் தங்க அரிசி பதில் சொல்கிறது. இங்கோ பொட்ரிகுஸ், பீட்டர் பேயர் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்த விற்றமின் ஏ நெல்லோடு ஏறத்தாழ 70 ஆக்கவுரிமைகள் தொடர்புபட்டிருந்தன. சின்ஜென்டா உள்ளிட்ட நிறுவனங்களோடு பேசி மனிதாபிமான உரிமம் உருவாக்கப்பட்டது: ஆண்டு வருமானம் 10,000 டொலருக்குக் குறைந்த விவசாயி கட்டணமின்றி விதைக்கலாம், விதை எடுத்துவைக்கலாம், மீண்டும் விதைக்கலாம். சிறு விவசாயியையும் பெரிய வணிகத்தையும் வேறுபடுத்தி எழுதுவது நடைமுறையில் முடியும் என்பதற்கு அந்த உரிமமே சான்று. அந்த நெல்லின் நன்மை தீமை பற்றிய விவாதம் தனியானது. பிலிப்பைன்ஸில் 2021இல் கிடைத்த செய்கை அனுமதியை 2024இல் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தியது.

இந்த அனுபவங்களிலிருந்து இலங்கைச் சட்டத்துக்கு வேண்டிய ஏற்பாடுகள் ஐந்து.

முதலாவது, உரிமைக் கட்டணம் விதைப் பொதியின் முதல் விற்பனையில் மட்டும் அறவிடப்பட வேண்டும். தன் விளைச்சலில் விதை எடுத்தல், விதைத்தல், அயலவரோடு மாற்றுதல், வணிகப் பெயரின்றி விற்றல் ஆகியவை சிறு கமக்காரரின் உரிமை என்று தாவர இனச் சட்டம், புலமைச் சொத்துச் சட்டம் இரண்டிலும் எழுதப்பட வேண்டும். இந்தியாவின் 2001ஆம் ஆண்டுத் தாவர இனப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இதற்கு முன்மாதிரி. 2019இல் குஜராத்தில் எஃப்.எல். 2027 உருளைக்கிழங்கைப் பயிரிட்ட விவசாயிகள்மீது தலா ஒரு கோடி ரூபாவுக்கு மேல் கேட்டு வழக்குத் தொடுத்த பெப்சிகோ, அந்தப் பிரிவை முன்வைத்து எழுந்த எதிர்ப்பின் பின் வழக்குகளை மீளப்பெற்றது.

இரண்டாவது, விதையின் விலையும் மரபணுவின் கட்டணமும் பொதியில் தனித்தனியே அச்சிடப்பட வேண்டும். கட்டணத்தை மீளாய்வு செய்யும் அதிகாரம் அரசிடம் இருக்க வேண்டும். மரபணுவின் பயன் குறைந்தால் கட்டணம் குறையவும், 20 ஆண்டு முடிந்தால் முற்றாக நிற்கவும் வேண்டும்.

மூன்றாவது, கட்டணம் பெறுபவர் பொறுப்பும் ஏற்க வேண்டும். விதையின் எதிர்பார்க்கும் பயனை முன்கூட்டியே அறிவித்து, அது பொய்த்தால் நட்டஈடு கொடுக்கும் கடமை இந்தியச் சட்டத்தில் உண்டு. உரிமை இருப்பதை அறியாமல் பயிரிட்டவரைத் தண்டிக்காத 42ஆம் பிரிவும் அதில் உண்டு. காற்றாலோ வாய்க்கால் நீராலோ விதைக் கலப்பாலோ வயலுக்குள் வந்த மரபணுவுக்குக் கமக்காரரிடம் எதையும் கோர முடியாது என்று எழுதப்பட வேண்டும்.

நான்காவது, மரபணுவின் மூலம் எது என்று விண்ணப்பத்திலேயே தெரிவிக்கப்பட வேண்டும். இலங்கை நெல்லினங்களிலிருந்து வந்ததாயின் வருமானத்தின் ஒரு பங்கு அவற்றைக் காக்கும் பணிக்கும் விதைநெல் சமூகங்களுக்கும் திரும்ப வேண்டும். கன்னொறுவவின் தாவர மரபணு வள நிலையம் அந்தப் பணிக்கு ஏற்ற இடம்.

ஐந்தாவது, களஞ்சியம், ஆலை, துறைமுகம் ஆகியவற்றில் வைத்துக் கட்டணம் அறவிடுவது தடுக்கப்பட வேண்டும். அரிசியும் மாவும் பிண்ணாக்கும் விதை அல்ல.

இவ்வளவும் எழுதப்பட்ட பின், நிறுவனத்தின் உரிமையும் உறுதியாகக் காக்கப்பட வேண்டும். ஒருவரின் மரபணுவைத் திருடிப் பொதி கட்டி விற்கும் வணிகரை எந்தச் சட்டமும் கமக்காரர் என்று கருதலாகாது. இந்தியாவில் அனுமதியற்ற களைகொல்லி தாங்கும் பருத்தி விதை பல மாநிலங்களில் பற்றுச்சீட்டின்றி விற்கப்பட்டது. முளைக்காவிட்டால் கேட்க ஆளில்லை. கள்ள விதை, நிறுவனத்தின் வருமானத்தையும் விவசாயியின் போகத்தையும் சேர்த்தே பறிக்கிறது. நேர்மையான உரிமைக் கட்டணத்துக்கும் கமக்காரரின் விதை உரிமைக்கும் அதுவே பொது எதிரி.

இந்த ஏற்பாடுகளைக் கேட்க வேண்டிய நேரம் சட்டமூலம் நிறைவேறுவதற்கு முந்தியது. இந்தியாவில் நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாதென அறிவிக்கலாம். இலங்கை அரசியலமைப்பின் 80(3) உறுப்புரை அந்த வழியை அடைத்துள்ளது: சபாநாயகரின் சான்று பெற்ற சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. 121ஆம் உறுப்புரையின்படி, பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சட்டமூலம் சேர்க்கப்பட்டதும் தொடங்கும் சில நாட்களுக்குள் மட்டுமே எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தை நாடலாம். விதை, தாவர இனம், புலமைச் சொத்து பற்றிய எந்தச் சட்டமூலமும் வர்த்தமானியில் வெளியாகும் நாளிலேயே அதைத் தமிழில் படித்து, மேற்சொன்ன ஐந்தும் உள்ளனவா என்று பார்க்கும் குழுவொன்றைக் கமநல சேவை நிலையம் தோறும் கமக்காரர் அமைப்புகள் இப்போதே அமைத்து வைக்க வேண்டும். கருத்துக் கேட்கும் கட்டத்திலேயே விவசாய அமைச்சுக்கும், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கும், மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அந்த ஐந்தையும் எழுத்தில் கொடுப்பது அக்குழுக்களின் முதல் வேலையாகும்.